பிள்ளையைப்போல் வந்து இளைப்பாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழில் வேதம் வாசிக்கும் சிறு குழுக்களில் மறுபடியும் மறுபடியும் எழும் கேள்விகள் இவை. தங்குவிடுதியிலிருந்து வரும் கட்டுமான ஊழியர்கள், பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் தூக்கம் தொலைத்த தாய்மார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆலயத்தில் நான்கைந்து பொறுப்புகளைத் தலையில் போட்டுக்கொண்டு மூச்சுவாங்குகிறவர்கள் என்று கேட்பவர்கள் பலவகை. நான் போதகர் அல்லள், வேதத்தை நேசிக்கும் ஒரு விசுவாசி. வசனங்களைப் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தந்திருக்கிறேன். கத்தோலிக்கர்கள் தங்கள் திருவிவிலியத்தில் அதே அதிகாரங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைப்போல் ஆகவேண்டும் என்று இயேசு சொன்னாரே, பிள்ளைகளின் எந்தக் குணத்தைச் சொன்னார்?

கள்ளங்கபடமற்ற குணத்தை என்று உடனே பதில் வரும். நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரு பொம்மைக்காகச் சண்டையிடுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் அந்தப் பேச்சு எப்படி ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். "பரலோகராஜ்யத்தில் எவன் பெரியவன்" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்துகிறார். அந்தக் காலத்துச் சமுதாயத்தில் பிள்ளைக்குப் பாசம் கிடைத்தது, பதவி கிடையாது. சபையில் பேச்சுரிமை கிடையாது, சொல்லிக்கொள்ளச் சாதனையும் கிடையாது. யார் பெரியவர் என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தவர்களிடம், வரிசையிலேயே இடமில்லாத ஒருவரைக் காட்டி, "இந்தப் பிள்ளையைப்போலத் தன்னைத் தாழ்த்துகிறவன் எவனோ, அவனே பரலோகராஜ்யத்தில் பெரியவனாயிருப்பான்" என்றார்.

மாற்கு 10ஆம் அதிகாரம் இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவருகிறார்கள், சீஷர்கள் அதட்டுகிறார்கள், இயேசுவுக்குக் கோபம் வருகிறது. லூக்கா அதே சம்பவத்தில் அவர்களைக் குழந்தைகள் என்கிறார். அந்தக் குழந்தைகள் அன்றைக்கு என்ன செய்தார்கள்? ஒன்றுமே செய்யவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள், இயேசு அணைத்துக்கொண்டார், கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அவ்வளவுதான்.

அடுத்த வசனத்திலேயே ஒரு மனிதர் ஓடிவந்து முழங்கால்படியிட்டு, நித்தியஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ள நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். சிறுவயதுமுதல் கட்டளைகளையெல்லாம் கைக்கொண்டவர், மிகுந்த ஆஸ்தியுள்ளவர். இயேசு அவரை அன்புடன் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். ஆனாலும் அவர் துக்கத்தோடு திரும்பிப் போகிறார். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவருமே இந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். கையில் எதுவுமில்லாதவர்கள் அணைத்துக்கொள்ளப்படுகிறார்கள், கை நிறைய வைத்திருந்தவர் வெறுமையாகப் போகிறார். அதற்குப் பிறகு இயேசு, தாடி வளர்ந்த தம் மீனவச் சீஷர்களைப் பார்த்து "பிள்ளைகளே" என்று அழைத்துப் பேசுகிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிறுத்திவிடுவேன்.

எனவே, பிள்ளையைப்போல் ஆவது என்பது தகுதியைக் காட்டி வாங்குவதை விட்டுவிட்டு, கொடுப்பவர் நல்லவர் என்று நம்பிப் பெற்றுக்கொள்வது.

இளைப்பாறுதல் என்றால் மனஅமைதிதானே? அதற்கு நடைப்பயிற்சி, தியானம், நாலு நாள் விடுமுறை போதாதா?

அவையெல்லாம் நல்லவை. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் அதிகாலையில் நடந்துவிட்டு வந்தால் உடம்பும் மனமும் லேசாகும், அதை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. இயேசு பேசியது வேறொரு களைப்பைப்பற்றி.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற மத்தேயு 11:28ஐ நாட்காட்டியிலும் சுவரிலும் தனியாகப் பார்த்துப் பழகிவிட்டோம். முழு அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். யோவான்ஸ்நானன் சிறையில் இருக்கிறார், "வருகிறவர் நீர்தானா" என்று ஆளனுப்பிக் கேட்கிறார். கோராசீனும் பெத்சாயிதாவும் கப்பர்நகூமும் இத்தனை அற்புதங்களைப் பார்த்தும் மனந்திரும்பவில்லை. மனிதக் கண்ணுக்கு ஊழியம் தோற்றுப்போனதுபோல் தெரியும் வேளை அது. அந்த வேளையில்தான் இயேசு, இவைகளை ஞானிகளுக்கும் கல்விமான்களுக்கும் மறைத்துப் பாலகருக்கு வெளிப்படுத்தினதற்காகப் பிதாவை ஸ்தோத்திரிக்கிறார். அதைத் தொடர்ந்து வருவதே "என்னிடத்தில் வாருங்கள்" என்ற அழைப்பு. பாலகர்களும் இளைப்பாறுதலும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டவை.

அழைத்தவர் கட்டில் தருவதாகச் சொல்லவில்லை, நுகம் தருகிறார். நுகம் என்றால் உழைப்பு உண்டு. திங்கட்கிழமை காலையில் அதே வேலைக்குத்தான் போகவேண்டும். மாறுவது, யாருக்கு நம்மை நிரூபித்துக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறோம் என்பது. அதே மத்தேயு 23:4இல், சுமப்பதற்கரிய பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் வைக்கும் மதத்தலைவர்களை அவர் கண்டிக்கிறார். அவர்களுடைய கண்காணிப்பின் கீழ் வாழ்ந்து சோர்ந்தவர்களுக்கே "என் நுகம் மெதுவாயும், என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்றார்.

12ஆம் அதிகாரம் திறந்ததும் ஓய்வுநாளைப்பற்றிய வழக்கு. பசியால் கதிர் கொய்து தின்ற சீஷர்கள்மேல் பரிசேயர் குற்றம்சாட்டுகிறார்கள். ஓய்வுக்காகத் தரப்பட்ட நாளையே பாரமாக்கிவிட்டவர்கள், இளைப்பாறுதல் தருகிறவரை எதிர்த்து நிற்கிறார்கள்.

நான் தினமும் ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன், பாடகர் குழுவிலும் ஞாயிறு பள்ளியிலும் இருக்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இந்தக் களைப்பு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆலயத்தின் விளக்கு எரிவது பெரும்பாலும் இவர்களால்தான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு மாதாமாதம் கடன் தவணை கட்டுகிறோம். ஒரு மாதம் தவறினால் நெஞ்சு படபடக்கிறது. நம்மில் பலர் ஜெபத்தையும் ஊழியத்தையும் அப்படித்தான் செலுத்திக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் கட்டிவிட்டேன், ஆண்டவர் கோபப்படமாட்டார் என்று ஒரு நிம்மதி, அடுத்த வாரம் மறுபடியும் பயம். பள்ளியில் தரவரிசை, அலுவலகத்தில் ஆண்டு மதிப்பீடு என்று சிறுவயதிலிருந்தே அளந்து அளந்து வளர்ந்த ஊர் இது. அந்த அளவுகோலைச் செருப்போடு சேர்த்து ஆலய வாசலில் கழற்றிவைக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன், சில போதகர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு பொறுப்பைச் சில மாதங்களுக்கு இன்னொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்காமல், பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஒன்றும் செய்யாத அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் ஆண்டவர் உங்களை அதே அன்போடு பார்க்கிறார் என்பதை உங்கள் மனம் நம்ப மறுத்தால், களைப்பின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கேட்டதும் தலையாட்டும் நல்லவர்கள்மேலேயே எல்லாப் பொறுப்பையும் ஏற்றும் வழக்கத்தைச் சபைகளும் விடவேண்டும்.

வேதத்தில் இதற்கு ஒரே ஒரு பகுதியைப் படிக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

சங்கீதம் 131. மூன்றே வசனங்கள். எருசலேமுக்குப் போகும் யாத்திரிகர்கள் பாடிய ஆரோகண சங்கீதங்களில் ஒன்று.

"பெரிய காரியங்களிலும், எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதுமில்லை. தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்."

பால்குடிக்கும் குழந்தை என்று சொல்லவில்லை, பால்மறந்த குழந்தை என்கிறது. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே விளங்கும். பால்குடிக்கும் குழந்தையைத் தாயின் மடியில் வைத்தால் தலை இப்படியும் அப்படியும் தேடும், கை இழுக்கும், கிடைக்காவிட்டால் அழும். பால் மறக்கவைக்கும் நாட்களோ வீட்டில் எல்லாருக்குமே கடினம். அழுகை, பிடிவாதம், நடு இரவில் ஏக்கம். அந்த நாட்கள் கடந்தபின் அதே குழந்தை அதே மடியில் வந்து உட்கார்கிறது. இப்போது அதற்குப் பால் வேண்டாம், அம்மா வேண்டும். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சும்மா சாய்ந்திருக்கிறது.

சங்கீதக்காரர் அந்த இடத்துக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. "அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறார். உள்ளே ஒரு போராட்டம் நடந்து முடிந்திருக்கிறது. கேட்ட வேலை, கேட்ட நிரந்தரவாசம், கேட்ட திருமணம் கிடைக்காமல் போனதற்கு அழுது தீர்த்தபின்னும், கொடுக்காதவரின் மடியிலேயே வந்து உட்காரும் ஆத்துமாவின் பாட்டு இது. சிறுபிள்ளைத்தனமான பக்தி என்று இதை யாராலும் சொல்ல முடியாது. வேதத்திலேயே மிகவும் முதிர்ந்த ஜெபங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

அப்படியானால் கேள்வியே கேட்காமல் நம்பவேண்டுமா? நான் படித்தவன், சந்தேகங்கள் வருகின்றன.

கேளுங்கள். பிள்ளைகளைவிட அதிகமாகக் கேள்வி கேட்பவர்கள் யார்? அவர்கள் பதிலுக்காக அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்பதில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது புத்தியிலே குழந்தைகளாயிராதேயுங்கள், துர்க்குணத்திலே குழந்தைகளாயிருங்கள் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார் (1 கொரிந்தியர் 14:20). பிசாசு பிடித்த மகனுக்காக வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்தினான். பாதி விசுவாசம், பாதி சந்தேகம். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, மகனைக் குணமாக்கினார்.

என் அப்பா குடித்துவிட்டு அடிப்பவர். கடவுளைப் பிதா என்று சொல்லவே வாய் வரவில்லை.

வாய் வராவிட்டால் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். "ஆண்டவரே" என்று ஆரம்பியுங்கள், "மேய்ப்பரே" என்று ஆரம்பியுங்கள். உங்களுக்கு நடந்தது தவறு. அதை மன்னித்து மறந்துவிடு என்று அவசரப்படுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்டு உங்கள் காயத்தை மூடிவைக்காதீர்கள்.

வேதம் இப்படிப்பட்ட வீடுகளை அறியும். "என் தகப்பனும் என் தாயும் என்னைக் கைவிட்டாலும், கர்த்தர் என்னைச் சேர்த்துக்கொள்ளுவார்" என்று 27ஆம் சங்கீதம் சொல்கிறது. ஏசாயா 66:13இல் தேவன் தம்மைத் தேற்றுகிற தாயோடு ஒப்பிடுகிறார். ஒருவேளை உங்களை வளர்த்தது பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். பள்ளி முடிந்து வரும்போது தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்த அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினால் தவறே இல்லை. பிதா என்ற சொல் வரும்போது வரட்டும். இன்னும் உங்களுக்கு அடி விழுகிறது என்றால், ஜெபத்தோடு நிறுத்தாமல் ஒரு குடும்பச் சேவை நிலையத்தையோ போலிசையோ இன்றைக்கே அணுகுங்கள்.

ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது, மனைவிக்கு நோய். நல்ல தகப்பன் இப்படிச் செய்வாரா?

உங்கள் துன்பத்துக்குக் காரணம் சொல்லி விளக்க எனக்குத் தைரியம் இல்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது.

ஒன்று மட்டும் தெரியும். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் இயேசு "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டார். பாத்திரம் எடுக்கப்படவில்லை. பிள்ளையாக இருப்பவர்களுக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் பிரசங்கித்தால், அவர்கள் கெத்செமனேயை மறந்து பேசுகிறார்கள். முறையிடுவதும் பிள்ளையின் உரிமை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்பதை அப்படியே எடுத்துக் கேளுங்கள். பிறகு சபையாரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். மருத்துவமனைக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் அங்குள்ள மருத்துவ சமூக ஊழியரைப் பாருங்கள். உதவி கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

இரவு வேலை முடித்து வந்து படுக்கையில் ஜெபிக்கத் தொடங்கினால் உடனே தூங்கிவிடுகிறேன். குற்ற உணர்வாக இருக்கிறது.

தங்குவிடுதியின் கீழ்க் கட்டிலில், துண்டைத் திரையாகத் தொங்கவிட்டு, காதில் செவிப்பொறியோடு ஒரு பாட்டைக் கேட்டபடி கண்ணை மூடுகிற தம்பிகள் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல செய்தி சொல்கிறேன். குழந்தை இயேசுவின் புனித தெரேசா என்று கத்தோலிக்கர்கள் கொண்டாடும் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ, 1873இல் பிறந்து 1897இல் 24 வயதில் காசநோயால் இறந்தவர். அவரும் ஜெபவேளையில் அடிக்கடி தூங்கிவிடுவார். பெற்றோருக்கு விழித்திருக்கும் பிள்ளையைப்போலவே தூங்குகிற பிள்ளையும் பிரியம்தானே என்று அவர் தேறிக்கொண்டார். சிறு பிள்ளையாகத் தேவனுடைய கைகளில் இருப்பதே தன் வழி என்று வாழ்ந்த அவரை, 1997இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுவதற்கும் போதிக்கத்தக்கவராக அறிவித்தார். கடைசி ஒன்றரை ஆண்டு அவருடைய உள்ளத்தில் விசுவாச இருள் சூழ்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிள்ளையைப்போன்ற விசுவாசம் என்பது எப்போதும் இனிமையாக உணர்வது என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒன்றரை ஆண்டு நல்ல பதில்.

எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று கோரிச் சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூங்குங்கள், தம்பி.

மகள் தொடக்கநிலை ஆறு. பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்க நெருங்க எனக்கு நிம்மதியே இல்லை. நான் விசுவாசியா என்றே தெரியவில்லை.

விசுவாசிதான், தாயும்தான். மொத்த மதிப்பெண் 4 முதல் 32 வரை என்று 2021இல் முறை மாறியபின்னும், வீடுகளில் அந்த எண்ணின் பாரம் குறைந்தபாடில்லை. துணைப்பாட வகுப்பை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். நவம்பர் பிற்பகுதியில் முடிவு வரும் நாளில் அவள் வீட்டு வாசலில் உங்கள் முகத்தை எப்படிப் பார்க்கப்போகிறாள் என்பதை மட்டும் இப்போதே யோசித்துவையுங்கள். எண் எதுவானாலும் அவள் அணைத்துக்கொள்ளப்பட்டால், தேவன் எப்படிப்பட்டவர் என்பதைப்பற்றி ஞாயிறு பள்ளியில் நாங்கள் சொல்வதைவிட அதிகமாக அன்றைக்கு அவள் கற்றுக்கொள்வாள்.

பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை. ஜெபித்தால் சரியாகிவிடுமா?

ஜெபியுங்கள், மருத்துவரையும் பாருங்கள், இரண்டையும் செய்யுங்கள். மனச்சோர்வு ஒரு நோய், விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பலதுறை மருந்தகத்திலேயே தொடங்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும் 1767 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள், அருகில் இருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடுப்பு இல்லை. ஆலயத்துக்குப் போகாமல் இளைப்பாறுதல் கிடைக்குமா?

கிடைக்கும். கிறிஸ்து கிழமை பார்த்து அழைக்கவில்லை. ஆனால் கூடிவருதலை லேசாக விட்டுவிடவும் வேண்டாம். வேலைச் சட்டத்தின் ஓய்வுநாள் விதிகளுக்குள் வரும் ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு, அது ஞாயிறாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இல்லப் பணிப்பெண்களுக்கு 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விடுப்பு தரவேண்டும். அந்த ஒரு நாளை முன்கூட்டியே கேட்டு ஞாயிறாக வைத்துக்கொள்ளப் பாருங்கள். பணிப்பெண் வைத்திருக்கும் விசுவாசிகளுக்கும் ஒரு வார்த்தை: பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை வீட்டு வேலைக்காரியையும் பெயர் குறித்துச் சொல்கிறது. நம்முடைய ஆராதனைக்காக இன்னொருத்தியின் ஓய்வை எடுத்துக்கொண்டால் அதைத் தேவன் பார்க்கிறார்.

நான் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இயேசுவிடம் ஜெபிக்கலாமா?

ஜெபிக்கலாம், யாரும் தடுக்கமுடியாது. யாரும் உங்களை அவசரப்படுத்தவும் கூடாது. பெற்றோரிடம் மறைத்துப் பொய் சொல்லாதீர்கள், அவர்கள் நம்பிக்கையை ஏளனம் செய்யாதீர்கள்.

இன்றைக்கே தொடங்க என்ன செய்யவேண்டும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். மனதில் எது பாரமாக இருக்கிறதோ அதை அதன் பெயர் சொல்லியே சொல்லுங்கள்: முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன், அக்காவோடு பேச்சு நின்றுபோனது, மருத்துவமனை ரிப்போர்ட். அலங்கார ஜெபமொழி தேவையில்லை, வீட்டில் பேசும் தமிழே போதும். பிறகு சங்கீதம் 131ஐ மெதுவாக வாசியுங்கள். ஒன்றும் உணரவில்லை என்றால் பரவாயில்லை, நாளைக்கும் அதையே செய்யுங்கள். பயம் திரும்பி வந்தால், மறுபடியும் அதையே அவரிடம் சொல்லுங்கள். பிள்ளை ஒரே பயத்தை எத்தனை முறை சொன்னாலும் நல்ல பெற்றோர் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

தமிழில் ஆராதனைக்கு எங்கே போகலாம்?

ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு 1888இல் திறக்கப்பட்டது, 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம். சிங்கப்பூரில் மெதடிஸ்ட் ஊழியம் 1885இல் தொடங்கியது, அந்தச் சபையின் தமிழ் ஆலயம் ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையினரின் கிறிஸ்து ஆலயம் டோர்செட் ரோட்டில். மூன்றுமே லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தூரமில்லை. தீவின் மற்றப் பகுதிகளிலும் தமிழ்ச் சபைகள் உண்டு. ஆராதனை நேரம் மாறக்கூடும் என்பதால் ஆலய அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். தனியாக உள்ளே நுழையக் கூச்சமாக இருந்தால் தொலைபேசியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், வாசலில் ஒருவரை நிற்கச் சொல்வார்கள்.